வாய் மூடிய வெள்ளி முகம்

யுத்த காலத்தில் எங்கள் வீட்டு அரிசியில் கல் பொறுக்குவது என் வேலை. ரேஷன் அரிசி. முறத்தில் பரப்பினால் அரிசிக்குக் கல் துணையா, கல்லுக்கு அரிசி துணையா என்று தெரியாது. மாமனார் திருத்தணி ஸ்டேஷனில் ஜட்கா ஓட்டினார். மாமியார் சமைப்பார். என் கணவர், கல்யாணமாகி ஒரு மாதம்கூட ஆகாமல், பட்டாளத்துக்குப் போய்விட்டார். அவரை பாவா என்றுதான் கூப்பிடுவேன். கூப்பிட்டதே நாலைந்து தடவைதான் இருக்கும்.

ஒரு மத்தியானம் சோற்றில் கல் கடிபட்டு என் மேல்வரிசை முன்பல்லில் ஒரு மூலை உடைந்தது. கல்லைப் பார்க்காமல் விட்டது நான்தான். "ஐயோ" என்றால் மாமியார், "கல்லு பொறுக்க வக்கில்ல, வாய் மட்டும் கீது" என்பார். அதனால் சோற்றோடு பல்துண்டையும் விழுங்கிவிட்டுக் கை கழுவப் போனேன்.

அதற்கப்புறம் நாக்குக்கு வேறு வேலையே இல்லை. உடைந்த இடத்தைத் தடவித் தடவிப் புண்ணாக்கிக்கொண்டது. கண்ணாடியில் பார்த்தால் எனக்கே என்னைப் பிடிக்கவில்லை. பாவா பார்த்துவிட்டுப் போன முகம் இது இல்லையே என்பதுதான் என் பயம். என்னிடம் அவருக்குப் பிடித்ததென்று ஏதாவது இருந்திருந்தால் அது சிரிப்பாகத்தான் இருக்கும். வேறெதையும் காட்ட எனக்கு நாள் கிடைக்கவில்லை.

வாயை மூடிக்கொண்டேன். பேசித்தான் ஆகவேண்டுமென்றால் முந்தானையை உதட்டோரம் இழுத்துக்கொள்வேன். தெருவில் என் மதிப்பு ஏறிப்போனது.

"பொம்பள சிரிச்சா போச்சு, பொகயில விரிச்சா போச்சுன்னுவாங்க. என் மருமவ பல்ல யாருனா பாத்து கீறீங்களா?" என்று மாமியார் கிணற்றடியில் பெருமையடித்துக்கொண்டார். பாவம், அவரே பார்த்ததில்லை. வாய் திறக்காதவளோடு மற்ற பெண்கள் எவ்வளவு நேரம்தான் பேசுவார்கள்? ஒவ்வொருத்தியாக விலகிப் போனார்கள். நான் முறத்தோடு பேசிக்கொண்டிருந்தேன்.

பல் கட்டுகிறவர்கள் பட்டணத்தில் இருப்பதாகக் கேள்வி. என்னை யார் கூட்டிப்போவது? எனக்கிருந்தது மலைமேல் முருகன்தான். கண் நோவென்றால் வெள்ளித் தகட்டில் செய்த கண், கால் நோவென்றால் கால் என்று வாங்கி உண்டியலில் போடுவது வழக்கம். ஒரு கிருத்திகையன்று மாமியார் குளத்தில் முழுகப் போன நேரம் பார்த்து, மலையடிவாரத்தில் அந்த உருக்களை விற்கிறவரிடம் போனேன்.

"பல்லு கீதாங்க?"

"பல்லா? கண்ணு கீது, காலு கீது, வவுறு கீது. பல்லு எவம்மா கேக்கறான்? மூஞ்சி வாங்கிக்கோ. அதுலயே பல்லும் அடக்கம்."

எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. வாங்கிக்கொண்டு படியேறும்போதுதான் சரியாகப் பார்த்தேன். அந்த முகத்துக்குக் கண் பெரிதாக இருந்தது. வாய் இறுக மூடியிருந்தது. என் முகமேதான். பாவா உயிரோடு வரவேண்டும், வந்தால் இந்த முகத்தை வெறுக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு உண்டியலில் போட்டேன்.

கேட்ட இரண்டையும் முருகன் கொடுத்தான். யுத்தம் முடிந்து பாவா கறுத்து இளைத்து வந்து சேர்ந்தார். மாமனாரோடு ஸ்டேஷனுக்குப் போவார், வருவார், சாப்பிடுவார், படுப்பார். முந்தானை ஏன் எப்போதும் வாயில் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒளித்து ஒளித்து எனக்கே அலுத்துவிட்டது. ஒருநாள் காலையில் முறத்தைத் தள்ளிவிட்டு அவர் எதிரில் போய் நின்று உதட்டைத் தூக்கிக் காட்டினேன்.

"பாவா, இதப் பாருங்க. பல்லு ஒடஞ்சிப் பூடுச்சி."

வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"ஆங், தெரியுமே. கண்ணாலத்தப்பவே அப்டித்தான இருந்துச்சி? அதுக்கின்னா இப்போ? நான் அத ஒண்ணும் பெருசா நெனைக்கல."

அன்பாகத்தான் சொன்னார். நான் திரும்பிப் போய் முறத்தை மடியில் வைத்துக்கொண்டேன். அவர் நினைவிலிருக்கும் முகம் கெட்டுவிடக் கூடாதே என்று இத்தனை காலம் வாயைப் பூட்டிவைத்திருந்தேன். அவர் நினைவில் அப்படி ஒரு முகமே இருந்ததில்லை. அவர் பட்டாளத்தில் இருந்தபோதுகூட நான் இவ்வளவு தனியாக இருந்ததில்லை.

முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கல் பொறுக்க ஆரம்பித்தேன். இனி யாருக்காக மூடுவது?