ஷீர் குர்மாவுக்கு வைத்த முலாம் விதை

மலைமேல் இருக்கும் காவலூர் விதை மையத்தில் வேலைக்குச் சேர்ந்து முதல் லீவில் வாணியம்பாடி போயிருந்தேன். என் அம்மா, எங்களுக்கு அம்மி, முறத்தில் முலாம்பழ விதையைக் கொட்டி உரித்துக்கொண்டிருந்தார். பெருநாள் பாயசமான ஷீர் குர்மாவில் போடுவதற்கு.

"ஏது அம்மி இது?"

"பழைய வூட்டுக் கொடியிது. ஒங்க ஆபா காய வெச்சுட்டுப் போனது. டப்பா அடியில கெடந்துச்சு."

ஆபா என் அக்கா. கல்யாணமாகி துபாய் போனவள். அப்புறம் அந்த வீட்டை விட்டோம், கொடியும் போயிற்று. போனில் அடிக்கடி சொல்வாள்: "இங்க எல்லாப் பழமும் கெடைக்குது. எதுலயும் அந்த வாசனை இல்லடி."

முறத்தை இழுத்துக்கொண்டேன்.

"அப்ப பெருநாளுக்கு இன்னா பண்றது?"

"கடையில வாங்கிக்கலாம் அம்மி."

உரிக்காமல் மீந்தது ஒரு கைப்பிடி. மலையில் என் வாடகை வீட்டின் பின்னால் குழி எடுத்து, மக்கிய எருவும் மணலும் கலந்து ஊன்றினேன். பழைய விதை. ஒன்றே ஒன்று முளைத்தது.

வேலியில் பக்கத்து வீட்டு கோவிந்தம்மா அக்காவின் வெள்ளரிப்பழக் கொடி. இரண்டும் ஒரே இனம். தேனீ மகரந்தத்தைக் கலந்துவிட்டால் இந்தப் பழம் மாறாது, இதன் விதையில் அடுத்து வருவது மாறிவிடும். அதனால் மறுநாள் விரியப்போகும் ஆண் பூவையும் பெண் பூவையும் சாயங்காலமே நூலால் கட்டினேன். விடிந்ததும் ஆண் பூவைக் கிள்ளி, பெண் பூவில் தடவி, மறுபடி கட்டினேன்.

"இன்னா பாப்பா, பூவுக்குத் தாலி கட்றியா?" என்றார் அக்கா.

"ஆமாக்கா. ஒங்க கொடிப் பசங்க சரியில்ல."

கட்டியதில் பல உதிர்ந்தன, ஒன்று நின்றது. காம்பு தானாக விடும்வரை தொடவில்லை. விட்ட அன்று வீடெல்லாம் வாசனை. வீடியோ காலில் காட்டினேன். ஆபா மூக்கைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"அதே வாசனைதானாடி?"

சின்ன வயதில் அவள் எனக்குச் சர்க்கரை தூவித்தான் ஊட்டுவாள். எனக்கு நினைவிருப்பது சர்க்கரைதான்.

"நீயே வந்து சொல்லு. எப்ப வர்றே?"

"அவருக்கு லீவு கெடைக்கணும்டி."

விதையை அலசி நிழலில் காய வைத்தேன். அம்மிக்கு ஒன்றுகூடக் கொடுக்கவில்லை.

மையத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பூவைக் கட்டுங்கள், காம்பு விடும்வரை பொறுங்கள், மழைக் காலத்தில் முலாம் போடாதீர்கள், கொடி அழுகிவிடும்.

என் வீட்டில் மட்டும் மாதம் ஒரு குழி போடுகிறேன். மழை மாதத்திலும், மேலே பாலிதீன் கட்டி. அவர்களுக்கு எப்போது லீவு கிடைக்கும் என்று தெரியாது. ஆபா வரும் அன்று கொடியில் ஒன்றாவது பழுத்திருக்க வேண்டும்.