ஆறாம் நம்பர் கிளிப்பு

போன வாரம் பழங்காநத்தத்தில் ஒரு எண்ணெய்க் கடையில் நின்றிருந்தேன். பக்கத்தில் ஒருவருக்குக் கடைக்காரர் விளக்கெண்ணெய் ஊற்றினார். அந்த வாடை மூக்கில் ஏறியதுதான் தாமதம், அண்ணாந்து வானத்தைப் பார்த்தேன். தகரக் கூரைதான் தெரிந்தது. விளக்கெண்ணெய் என்றால் உங்களுக்குச் சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தது நினைவுக்கு வரும். எனக்கு விமானம் நினைவுக்கு வரும். சிரிக்காதீர்கள். நாங்கள் ரிமோட்டில் பறக்கவிட்ட சின்ன விமானங்களின் எரிபொருளில் விளக்கெண்ணெயும் ஒரு பங்கு. எஞ்சின் ஓட ஓட அது புகையோடு எங்கள் மேல் தெளிக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் கழற்றிப் போட்ட சட்டையை என் மனைவி குச்சியால்தான் தூக்குவாள்.

கிளப் தொடங்கியபோது மூன்றே பேர். மோட்டாருக்குக் கம்பிக் காயில் கட்டும் செல்வம் அண்ணன், ஒரு பல் டாக்டர், ஜெராக்ஸ் கடையில் வேலை பார்த்த நான். அண்ணனுக்கு ஏதோ பழைய புத்தகத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு விமானப் படம் கிடைத்திருந்தது. அதைப் பெரிதாக்க என் கடைக்கு வந்தவர், என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விட்டார். படத்தைத் துண்டு துண்டாகப் பெரிதாக்கி ஒட்டிக் கொடுத்தேன். இடது இறக்கையை ஒரு நாளும் வலது இறக்கையை மறுநாளும் அடித்ததில் இரண்டு விரற்கடை வித்தியாசம். அண்ணனும் நம்பி, எட்டு மாதம் உட்கார்ந்து, அப்படியே செய்துவிட்டார். டாக்டர் ஊசி போடும் சிரிஞ்சால் அதற்கு எரிபொருள் ஏற்றுவார். பழக்க தோஷத்தில் ஒரு நாள் விமானத்திடம், "வாயத் தொறங்க" என்றார்.

விமானம் வந்துவிட்டது, விட இடமில்லை. நகரத்து மைதானமெல்லாம் கிரிக்கெட்காரர்கள் கையில். அலைந்து திரிந்து அலங்காநல்லூர்ப் பக்கம் பேச்சியக்கா என்பவரின் தரிசு நிலத்தைப் பிடித்தோம். ஓரத்தில் அவர் வளர்க்கும் ஜல்லிக்கட்டுக் காளை நின்றது.

"ஞாயித்துக்கெழம விட்டுக் காட்டுங்க. என் காள மெரளலேன்னா எடம் ஒங்களுக்கு. மெரண்டுச்சு, இந்தப் பக்கமே தலவச்சுப் படுக்கப்படாது" என்றார். அந்த இடமும் போனால் கிளப்பே இல்லை.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்தக் கால ரிமோட்டுகளுக்கு நம்பர் உண்டு. ஒரே நம்பர் கொண்ட இரண்டை ஒன்றாகப் போட்டால், மேலே இருக்கும் விமானத்துக்கு யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாது. அதனால் துணி காயப்போடும் கிளிப்புகளில் நம்பர் எழுதி ஒரு பலகையில் குத்தி, கருவேல மரத்தில் மாட்டியிருப்போம். தன் நம்பர் கிளிப்பை எடுத்துச் சட்டையில் குத்திக்கொண்டவர்தான் ரிமோட்டைப் போடலாம். செல்வம் அண்ணனுக்கும் எனக்கும் ஆறாம் நம்பர்.

அந்த ஞாயிறு கிளிப்பு அண்ணன் காலரில் இருந்தது. விமானம் ஏறியது, கோணல் இறக்கையால் ஒருச்சாய்த்துக்கொண்டு வட்டமடித்தது. ஊரே வேடிக்கை பார்க்க வந்திருந்தது. மரத்தடியில் நின்ற என்னிடம் யாரோ, "அண்ணே, ஒங்ககிட்ட இருக்கதும் அதே மெசினா?" என்று கேட்டார்கள். கேட்டது ஒரு குத்தமா? எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமையாக என் ரிமோட்டின் ஏரியல் கம்பியை முழுநீளத்துக்கு இழுத்து, "இங்க பாருங்க, இப்பிடித்தான் போடணும்" என்று சுவிட்சைத் தட்டினேன்.

விமானம் ஒரு நொடி யோசித்தது. அப்புறம் நேராகப் போய் பேச்சியக்காவின் வைக்கோல் படப்பில் குத்தியது. எட்டு மாத உழைப்பு. சுவிட்சை அணைத்துவிட்டு, ரிமோட்டும் கையுமாக முதல் ஆளாக ஓடியவன் நான்தான்.

காளை? அது தலையைக்கூடத் தூக்கவில்லை. அசைபோட்டுக்கொண்டே நின்றது. பேச்சியக்கா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சொன்ன சொல்லு சொன்னதுதே. காள மெரளல. வாராவாரம் வாங்க, எங்களுக்கும் பொழுது போகும்."

டாக்டர் உடைசலைப் பொறுக்கிக்கொண்டே, "எறக்க கோணல், அதான்" என்றார். பெரிய குற்றத்தை மறைக்கச் சின்னக் குற்றம் கிடைத்ததே என்று, "எல்லாம் என் ஜெராக்ஸால வந்ததுண்ணே" என்று உடனே ஒப்புக்கொண்டேன். அண்ணன் உடைந்த இறக்கையைத் துண்டில் சுற்றி வண்டியில் வைத்தார். சுவிட்சைத் தட்டியதை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை.

மூன்று பேர் முப்பது பேரானோம். மாட்டுத்தாவணிப் பூ வியாபாரி ஒருவர் சேர்ந்தார். அவர் விமானம் மட்டும் மல்லிகை மணக்கும். ஊர்க்காரர்கள் கட்டிலைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்து பார்ப்பார்கள். விழுந்தால்தான் கைதட்டல்.

இப்போது அந்தத் தரிசில் மனை பிரித்து வரிசையாக வண்ணக்கல் நட்டிருக்கிறார்கள். ஆளுக்கொரு பக்கமாய்ப் போய்விட்டோம். புது ரிமோட்டுகளை ஐம்பது பேர் ஒன்றாகப் போட்டாலும் ஒன்றும் ஆகாதாம். "ஆறு யாருகிட்ட இருக்கு?" என்று எவரும் எவரையும் கேட்க வேண்டியதில்லை.

எண்ணெய்க் கடையிலிருந்து வந்ததும் செல்வம் அண்ணனுக்குப் போன் போட்டு, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

"தெரியும் மாப்ள" என்றார். "ஏரியல மடக்காமத்தான ஓடியாந்த."

 "பெறகு ஏண்ணே அப்பவே கேக்கல?"

"கேட்டா அடுத்த வாரம் வந்திருப்பியா? கிளப்புல இருந்ததே மூணு பேரு."