பிறையில் துக்கம் விசாரிக்கப் போனேன்

காலை 10.20. பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுன் படகுத்துறையில் இரண்டு மலேசிய வெள்ளி கொடுத்துப் படகேறினேன். அக்கரை பட்டர்வொர்த்துக்குக் கால்மணி நேரம். அங்கிருந்து பிறை என்ற ஊருக்கு வாடகைக் கார் பதினொரு வெள்ளி. கையில் ஒரு பழம்கூட இல்லை. துக்கம் விசாரிக்கப் போகிறவன் வேறெப்படிப் போவான்?

சுமதி பிறையில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். மெக்சிகோ கிளையில் வேலை கிடைத்ததும், திருச்சியிலிருந்து நான் இணையத்தில் நடத்தும் ஸ்பானிய வகுப்பில் சேர்ந்தார். பினாங்கு வந்தால் வீட்டுக்கு வாருங்கள் என்று முகவரியும் அனுப்பியிருந்தார். ஒருகாலத்தில் வழக்கமாக நடந்ததைச் சொல்ல ஸ்பானியத்தில் தனியாக ஓர் இறந்தகால வினை உண்டு. ‘கொஸினாபா’ என்றால் அப்போதெல்லாம் சமைப்பார் என்று பொருள். எப்போது நின்றது, ஏன் நின்றது என்று அது சொல்லாது. உதாரணம் கேட்டால் சுமதி கணவரைத்தான் சொல்வார். ஞாயிறு சமைப்பார், தொழிற்சாலை வாசலில் காத்திருப்பார், படுக்கும்வரை பேசுவார். எல்லாம் அந்த வினையிலேயே. கணவரை இழந்துவிட்டார், பாவம், சின்ன வயது என்று நினைத்துக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்க மனம் வரவில்லை.

11.15. கதவைத் திறந்தவர் அண்ணனாக இருக்கும் என்று எண்ணி, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, சுமதியின் கணவர் விஷயமாக வந்தேன் என்றேன்.

“நாந்தான் அவ வூட்டுக்காரன். என்னா விஷயம்?”

தூக்கிவாரிப்போட்டது. மாதக்கணக்கில் நான் இரங்கிக்கொண்டிருந்த மனிதர் கைலியோடு எதிரே நிற்கிறார்! உளறிக்கொட்டி எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உள்ளிருந்து வந்த சுமதி சிரித்துவிடுவார் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

“நான் பொய் சொல்லல சார். மெக்சிகோவுக்கு ஓகே சொன்ன நாள்லருந்து இவரு எங்கிட்ட ஒரு வார்த்த பேசல.”

இதைக் கேட்டபின் முதல் அதிர்ச்சி ஒன்றுமேயில்லை என்றாகிவிட்டது. ஒரே கூரையின்கீழ் இப்படியும் இருக்க முடியுமா?

பகல் 1.10. பாஸ்கரன், அதுதான் அவர் பெயர், தன் காரிலேயே என்னைப் படகுத்துறைக்குக் கொண்டுவந்தார். நான் இறங்கப்போகும்போதுதான் வாயைத் திறந்தார்.

“செத்தவன பத்தி பேசற மாரியா என்னைய பத்தி பேசுனா?”

ஆமாம் என்றேன். வண்டியை அணைத்தார்.

“நாளன்னிக்கு ஏர்போட்டுக்கு டாக்சி சொல்லியிருக்கா. போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. அந்த டாக்சி வேணாம்னு சொல்லப்போறேன் சார். நானே கொண்டுபோய் விடுறேன்.”

படகு நகர்ந்தது. திருச்சி விமான நிலையத்துக்கு நானும் வாடகை ஆட்டோவில்தான் போனேன். புறப்படும்போது என் மனைவி சமையலறையை விட்டு வெளியே வரவில்லை. அது எனக்கு நடுக்கடலில்தான் உறைத்தது.