சந்தில் பூத்த இதயப்பூ

வளைந்த காம்பில் வரிசையாகப் பதினோரு பூக்கள். ஒவ்வொன்றும் இளஞ்சிவப்பில் ஒரு சின்ன இதயம். அதன் கீழ்நுனியில் சொட்டப்போவதுபோல் ஒரு வெள்ளைத் துளி. பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே, வெயில் எட்டாத மூன்றடிச் சந்தில் ஒரு தொட்டியில் அண்ணி அதைப் பூக்க வைத்தார். ஆங்கிலத்தில் ‘ப்ளீடிங் ஹார்ட்’ என்பார்கள். அண்ணிக்கு அது இதயப்பூ.

குளிர்ப் பிரதேசத்துச் செடி. பெங்களூர்க் குளிர் அதற்குப் போதாது. ஊட்டியிலிருந்து தோழி கொடுத்த கிழங்கை ஈரத் தேங்காய்நாரில் சுற்றி, இரண்டு மாதம் ஃப்ரிட்ஜில் வைத்திருந்தார். “இஞ்சின்னு நெனச்சு டீயில தட்டிப் போட்டுடாதீங்க, விஷம்!” என்று அண்ணனையும் என்னையும் மிரட்டுவார். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர் அவர்; வீட்டிலும் அதே குரல்தான்.

பூ உதிர்ந்த மாதத்தில் அண்ணிக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது. மருத்துவமனைக்குப் போகும்போது, “செடியப் பாத்துக்கோ கண்ணு” என்று மட்டும் சொன்னார். தினமும் தண்ணீர் ஊற்றினேன். வெயில் ஏற ஏற இலைகள் மஞ்சளாகின. ஒருநாள் தண்டும் சாய்ந்துவிட்டது. மிஞ்சியது வெறும் மண். திரும்பி வரும் அண்ணியின் கண்ணில் முதலில் படுவது செத்த செடியாக இருக்கக்கூடாது என்று பயந்தேன். மண்ணைக் கிளறிக்கூடப் பார்க்காமல் தொட்டியோடு குப்பை வண்டியில் போட்டேன். அந்த இடத்தில் சிவப்பாகப் பூத்த பிகோனியா ஒன்றை வாங்கி வைத்தேன்.

ஐந்தாம் வாரம் அண்ணி வந்தார். தலையில் முடி இல்லை. என் தோளைப் பிடித்துக்கொண்டு நேரே சந்துக்குத்தான் நடந்தார்.

“அந்தத் தொட்டி எங்க?”

“செத்துப்போச்சு அண்ணி. எடுத்துப் போட்டுட்டேன்.”

“சாகல கண்ணு. வெயில் காலத்துல மேல காஞ்சுட்டு அடியில தூங்கும். மறுபடி ஃப்ரிட்ஜில குளிர வெச்சா எழுந்துக்கும்.”

 அவர் என் முகத்தைப் பார்த்தார். “நான்தான் சொல்லாம போயிட்டேன். என் தப்பு” என்றார். பிறகு பிகோனியாவின் இலையைத் தொட்டு, “இதுவும் அழகாத்தான் இருக்கு” என்றார்.

கிழங்குக்காக லால்பாக் பக்கத்து நர்சரிகளில் எல்லாம் அலைந்தேன்; கிடைக்கவில்லை. மழைக்காலம் முடியுமுன் அண்ணி போய்விட்டார்.

அதற்குப் பிறகு மூன்று குளிர்காலங்கள் வந்துவிட்டன. அவர் கோபித்துக்கொண்டிருந்தால் காலில் விழுந்தாவது மன்னிப்புக் கேட்டிருப்பேன். குற்றத்தைத் தன்மேல் போட்டுக்கொண்டு, நான் அழுவதற்குக்கூட இடம் வைக்காமல் போய்விட்டார்.