கூடத்தில் மாட்டிய படம்

பத்தொன்பது வயதில் அழகிப் பட்டம் வாங்கியதுதான் அவள் செய்த ஒரே குற்றம். அதற்குக் கிடைத்தது ஆயுள் தண்டனை. பத்திரிகையில் நிருபராகச் சேர்ந்தபோது அலுவலகமே அவளைக் ‘கிரீடம்’ என்றுதான் கூப்பிட்டது. ஒவ்வொரு வரியையும் ஆளைக் கேட்டுச் சரிபார்த்து எழுதுகிறவள் என்பது ஒருத்தர் கண்ணிலும் படவில்லை.

அந்தத் தையல் தொழிற்சாலையை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். மூன்று நாள் அலைந்து எழுதிய செய்தி அது. மாடியில் நூற்றிருபது பெண்கள், போகவர இரண்டு கதவு. துணி திருடு போகிறதென்று பின்கதவுக்கு எப்போதும் பூட்டு.

“அந்தப் பூட்டைப் படம் எடுங்கண்ணா” என்று படமெடுப்பவரிடம் சொன்னாள்.

“நீயும் முன்னால நில்லும்மா. நீ இல்லாத படத்தோட போனா ஆசிரியர் என்னைத் தொலைச்சிடுவாரு.”

நின்றாள். மறுநாள் செய்தியைக் காணோம். ‘தையல் பெண்களோடு அழகி’ என்று படம் மட்டும் கால் பக்கத்துக்கு வந்திருந்தது. கேட்கப் போனவளிடம், “பூட்டை யாரும்மா பாப்பாங்க? உன்னைத்தான் பாப்பாங்க” என்றார் ஆசிரியர், என்னவோ பாராட்டுகிற மாதிரி.

எட்டாம் நாள் தொழிற்சாலை எரிந்தது. பின்கதவு ஓரமாகப் பதினொரு பெண்கள் கிடந்தார்கள்.

வேலையைத் தூக்கியெறிந்துவிட்டுச் சட்டம் படித்தாள். அம்மாவோ அந்தப் பக்கத்துக்குக் கண்ணாடி போட்டுக் கூடத்தில் மாட்டியிருந்தாள்.

“கழட்டும்மா. பாத்தாலே வயிறு எரியுது.”

“நீ கோர்ட்டே கதின்னு கிடக்கிற. எனக்குப் பாக்க இந்த மூஞ்சிதானேடி இருக்கு.”

தீயில் தங்கையைப் பறிகொடுத்த அக்கா ஒருத்தி வழக்குப் போட்டு ஏழு வருடம் ஆகிவிட்டது. இரண்டு வக்கீல்கள் கைகழுவியதை இவள் எடுத்துக்கொண்டாள். அந்தக் கதவில் பூட்டே இருந்ததில்லை, பெண்கள் பதறிப்போய்த் திறக்கத் தெரியாமல் செத்தார்கள் என்று முதலாளி கூசாமல் சத்தியம் செய்தார். கதவைத்தான் தீப்பிடித்த மறுநாளே பெயர்த்துக் கொண்டுபோய்விட்டார்களே. அச்சில் வராத செய்தியை யார் நம்புவார்கள்? வழக்காடுகிற வக்கீலே சாட்சி சொல்லவும் முடியாது.

கடைசி விசாரணைக்கு ஒரு வாரம் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா கேட்டாள்: “ஏன்டி, உன் முழங்கைகிட்ட என்னமோ தொங்குதே, பூட்டா?”

ஓடிவந்து பார்த்தாள். பூட்டேதான். இத்தனை வருடக் கோபத்தில் அவளும் அந்தப் படத்தை ஒரு தடவைகூட உற்றுப் பார்த்ததில்லை. தன்மீதே அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

படம் எடுத்தவரைத் தேடிப்பிடித்துச் சாட்சிக் கூண்டில் ஏற்றினாள். எந்தக் கதவு, என்றைக்கு எடுத்தது என்று அவர் சொன்னார். அவள் படத்தை நீட்டியதும் எதிர்த்தரப்பு வக்கீல் வாய்விட்டுச் சிரித்தார்.

“வக்கீலம்மாவோட பழைய அழகைப் பாக்கவா ஐயா இங்க கூடியிருக்கோம்?”

நீதிமன்றமே சிரித்தது. நீதிபதியும் உதட்டைக் கடித்துக்கொண்டார். அவளுக்கு உடம்பெல்லாம் கொதித்தது. ஆனால் குரல் ஏறவில்லை.

“ஐயா, என்னைப் பாக்க வேண்டாம். என் முழங்கைக்குப் பின்னாடி பாருங்க. அப்புறம் பத்திரிகை மேல இருக்கிற தேதியைப் பாருங்க.”

நீதிபதி படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார். வெகுநேரம் பார்த்தார். சிரிப்பு ஒவ்வொன்றாக அடங்கியது. பின்வரிசையில் அந்த அக்கா எழுந்து நின்றுவிட்டாள். அவளை உட்காரச் சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை.