கம்பிக்குப் பின்னால் நிற்க ஓர் ஆள்

என் அண்ணன் சதேந்திராவை ஒரு சிப்பாய், கோழிக்குஞ்சைத் தூக்குவது போல், சட்டைக் காலரைப் பிடித்து பஸ்ஸிலிருந்து தூக்கி இறக்கினான். எண்பத்தேழில் எங்கள் தீவில் பட்டாளம் ஆட்சியைப் பிடித்த சில நாள்களில், லௌடோகா கல்லூரியிலிருந்து எங்கள் ஊரான நமாகாவுக்கு அவன் திரும்பும் வழியில் இது நடந்தது. பையில் துப்பாக்கியா வைத்திருந்தான்? புத்தகமும் சாப்பாட்டு டப்பாவும்தான். டப்பாவைத் திறந்து சாலையில் கொட்டினார்கள். அடிக்கவில்லை. ஆனால் அவ்வளவு சுலபமாகத் தூக்கிவிட்டார்களே, அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"இனிமே என்னை எவனும் தூக்கக் கூடாது" என்றான்.

ஊரில் இருந்த இந்திய வம்சாவளிக்காரர்களில் பாதிப் பேர் நாட்டை விட்டுப் போக பாஸ்போர்ட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தபோது, இவன் ஒரு பழைய தண்ணீர்க் குழாயைத் தேடிக் கொண்டுவந்தான். பெயிண்ட் டின்களில் சிமெண்ட் ஊற்றி அதன் இரு முனையிலும் பொருத்தினான். கொல்லையில் பலகை போட்டான். தகரச் சுவரில் கரியால் எழுதினான்: திங்கள் தோள், புதன் முதுகு, வெள்ளி கால். கல்லூரியும் பஸ்ஸும் மாலைக் கடை வேலையும் போக, பெரிய எடைக்கு ஞாயிறு மட்டும்தான் மிச்சம். அன்றைக்கு மார்பு.

அந்த ஞாயிற்றையும் பட்டாளத்துக்காரர்கள் பிடுங்கினார்கள். அது கர்த்தருடைய நாள், கடை கூடாது, பஸ் கூடாது, விளையாட்டு கூடாது என்று சட்டம் போட்டார்கள். "நம்ம கொல்லையில மூச்சு விடுறதுக்கும் இவனுங்ககிட்ட கேக்கணுமா?" என்று கத்தினான் அண்ணன். கத்திவிட்டு, சத்தம் தெருவுக்குக் கேட்காமலிருக்க டின்களுக்குச் சாக்கைச் சுற்றிக் கட்டினான். அதைப் பார்க்க எனக்குப் பற்றி எரிந்தது. திருடனா அவன்?

சாப்பாடு என் பொறுப்பு. அம்மா தட்டு நிறையச் சோறும் மரவள்ளிக்கிழங்கும் வைத்து, மேலே ஒரு கரண்டி குழம்பு ஊற்றுவாள். அதைத் தின்றால் தொந்திதான் வரும், தசை வராது என்று அண்ணன் எங்கோ படித்திருந்தான். சோற்றைக் குறைத்துப் பருப்பைக் கூட்டச் சொன்னான். முட்டை கேட்டான், மீன் கேட்டான், சிகடோகாவிலிருந்து வரும் கடலையை அவித்துத் தரச் சொன்னான். புரட்டாசியில் அம்மா முட்டையை வீட்டுக்குள்ளேயே விடவில்லை. "ஒரு மாசம் முட்டை திங்கலன்னா கை கழண்டு விழுந்துடுமா?" என்றாள். பருப்பையும் பாலையும் வைத்து ஒப்பேற்றினோம். அப்படியும் அவனுக்குச் சட்டை தோளில் இறுக ஆரம்பித்தது.

மல்லாந்து படுத்து எடை தூக்குகிறவனுக்குத் தலைமாட்டில் ஓர் ஆள் வேண்டும். கை சோர்ந்தால் கம்பி மார்பில் உட்கார்ந்துவிடும். அந்த ஆள்தான் பிடித்து ஏற்ற வேண்டும். அடுத்த வீட்டு கம்லேஷ்தான் அந்த ஆள், என் அண்ணனோடு படித்தவன். எங்கள் முட்டையில் அவனுக்கும் பங்கு உண்டு. ஒரு சனிக்கிழமை மாலை, "நாளைக்கு ரெண்டு டின் கூடுது, வந்துடு" என்று அண்ணன் சொன்னபோது, "வராம எங்கே போவேன்?" என்றான். என் முன்னால்தான் சொன்னான், வாயில் முட்டையோடு.

ஞாயிறு காலை அவனைக் காணோம். எப்போதும் தாமதமாக வருகிறவன்தானே, இதோ வந்துவிடுவான் என்று அண்ணன் படுத்துத் தூக்க ஆரம்பித்தான். நான் பருப்புக் கிண்ணத்தோடு கொல்லைக்குப் போனபோது கம்பி அவன் மார்பை அழுத்திக்கொண்டிருந்தது. முகம் கறுத்திருந்தது, கூப்பிட மூச்சில்லை. டின்கள் சாக்குக்குள் இருந்ததால் ஒரு சத்தமும் வீட்டுக்குள் வரவில்லை. கிண்ணத்தை எறிந்துவிட்டு ஒரு முனையைப் பிடித்துத் தூக்கிச் சாய்த்தேன். அந்த நேரம் எங்கள் கூரைக்கு மேலே ஒரு விமானம் ஏறிப் போனது. விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறவர்கள் அதையெல்லாம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கம்லேஷ் குடும்பத்தோடு அதில் கனடாவுக்குப் போய்க்கொண்டிருந்தான். அவர்கள் வீட்டில் பூட்டுத் தொங்கியது. நாயைக் கட்டிப்போட்டு, பக்கத்தில் சோறு வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் ஆட்களின் லட்சணம் இது. விசா வந்தால் யாரிடமும் மூச்சு விட மாட்டார்கள், கண் பட்டுக் காரியம் கெட்டுவிடுமாம். பயந்து போனதை நான் குறை சொல்லவில்லை. எங்களுக்கும்தான் பயம். ஆனால் வருகிறேன் என்று சொல்லி ஒருத்தனைக் கம்பிக்கு அடியில் படுக்க வைத்துவிட்டுப் போனானே, அதை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை.

அடுத்த ஞாயிறு தலைமாட்டில் நான் நின்றேன். "பொம்பளப் புள்ளைக்கு என்னடி இரும்புல வேலை?" என்றாள் அம்மா. "ஆம்பளைங்க எல்லாம் பிளேன் ஏறிட்டாங்களே" என்றேன். நாயும் எங்களிடம் வந்துவிட்டது. மாதக்கணக்கில் நின்றேன். அவன் மூச்சை வைத்தே எப்போது கை கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது.

பிறகு ஆக்லாந்திலிருந்து எனக்கு ஒரு மாப்பிள்ளை வந்தது. நான் போனால் பின்னாலேயே குடும்பமும் போகலாம் என்று அம்மாவுக்குக் கணக்கு. "டிக்கெட் கைக்கு வர்ற வரைக்கும் வாயத் தொறக்காத, பிரேமிலா. உங்க அண்ணன்கிட்டயும்தான்" என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராகக் கொல்லைக்குப் போய், தெருவுக்கே கேட்கும்படி சொன்னேன்: "அண்ணா, என்னை நியூசிலாந்துக்குக் கட்டிக்கொடுக்கிறாங்க. தீபாவளி முடிஞ்சதும் போறேன்."

போகாதே என்று அவன் சொல்வான் என்று நினைத்தேன். சொல்லியிருந்தால் நின்றிருப்பேன். "சரி" என்றான்.

அடுத்த ஞாயிறு பலகைக்கு இரு பக்கமும், மார்பு உயரத்துக்கு, இரண்டு தடித்த கட்டைகளை நட்டிருந்தான். கை விட்டுப்போனால் கம்பி அவற்றின் மேல் உட்கார்ந்துகொள்ளும்.

"அப்போ நான் எதுக்கு?" என்றேன்.

"மரத்துக்கு விசா வராது" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

கட்டையை ஓங்கி உதைத்தேன். அசையவில்லை, நன்றாகத்தான் நட்டிருந்தான். விரல் வீங்கி, வலியும் கோபமுமாக அழுதேன். அவன் படுத்துத் தூக்க ஆரம்பித்தான். நான் என் இடத்தில் போய் நின்றேன். கடைசித் தடவை கை சோர்ந்து கம்பி இறங்கியது. கட்டையில் உட்காரட்டும் என்று அவன் விட்டுவிட்டான். நான் விடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.