இழுத்துப் பார்க்காமல் விட்ட கிளிப்

இரண்டு பிளாஸ்டிக் துண்டுகள் ஒன்றுக்குள் ஒன்று போய்ப் பூட்டிக்கொள்ளும்போது ‘கிளிக்’ என்று ஒரு சின்னச் சத்தம் வரும். மகளுக்கு ஹெல்மெட் மாட்டிவிடும்போது அந்தச் சத்தம் கேட்டதும் என் கை தானாகப் பட்டையை ஒருமுறை இழுத்துப் பார்க்கும். கழுத்து வலிக்கிறது என்று அவள் தினமும் சிணுங்குவாள். நான் என்ன செய்ய? ஓசூரில் வண்டிகளுக்கு வயர் கட்டுகள் தயாரிக்கும் தொழிற்சாலையில் ஒன்பது வருடம் நின்று வேலை பார்த்த கை இது. வயர் நுனியைக் கனெக்டருக்குள் தள்ள வேண்டும், கிளிக் என்று கேட்க வேண்டும், பிறகு மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். வந்துவிட்டால் அது மாட்டவில்லை என்று அர்த்தம். சத்தத்தை மட்டும் நம்பி அனுப்பிவிடுவதுதான் எங்கள் லைனில் பெரிய குற்றம்.

அந்தக் குற்றத்தைச் செய்தவளை எங்கள் லைன் லீடர் அக்கா திட்டமாட்டார். பீஸைக் கையில் எடுப்பார், அவள் கண் முன்னாலேயே இழுத்துக் காட்டுவார், கழித்த பீஸ்களுக்கான சிவப்புத் தொட்டியில் போடுவார், போய்விடுவார். அதற்குத் திட்டு வாங்குவதே மேல் என்றிருக்கும். அவருக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி. கல்யாணமாகி மத்திகிரியில் வாடகை வீட்டுக்கு வந்தவர். நாங்களோ பாகலூர், கெலமங்கலம் என்று சுற்றுப்பட்ட ஊர்க்காரிகள். ஏரி நிரம்பி வழிந்தால் அதையே வேடிக்கை பார்க்க வண்டி கட்டிக்கொண்டு போகிற கூட்டம். கடற்கரை ஊரிலிருந்து வந்தவர் என்பதாலேயே அக்காவுக்குக் ‘கடல்காரி’ என்று பெயர் வைத்திருந்தோம். அவருக்கு நீச்சல் தெரியும் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. தெரியாது என்றும் சொன்னதில்லை. நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம்.

ஒரு வருடம் முழுக்க எங்கள் லைனிலிருந்து போன சரக்கில் ஒரு புகார்கூட வரவில்லை என்று நிர்வாகம் எங்கள் ஒன்பது பேரையும் இரண்டு நாள் சுற்றுலா அனுப்பியது. கார்வார் பக்கம், ஒரே நாளில் மூன்று தீவுகள். கடைசித் தீவில் கண்ணாடி மாட்டி, வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு, தண்ணீர்மேல் குப்புறப் படுத்து மீன் பார்க்கலாம் என்றார்கள். சுனாமி வந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. எல்லார் வீட்டிலும் ஒரே பேச்சு, கடலா, வேண்டாம். “உங்க கடல்காரி அக்கா கூட வராங்கன்னா போயிட்டு வா” என்று கடைசியில் என் அம்மா சொன்னாள். மற்ற வீடுகளிலும் கிட்டத்தட்ட அதேதான் நடந்தது.

எனக்கு நீச்சல் தெரியும், தெரியாது, இரண்டுமே சொல்லலாம். எங்கள் வயல் கிணற்றில் முதுகில் காலி எண்ணெய் கேனைக் கட்டிக்கொண்டு பழகியவள் நான். கேன் இல்லாமல் பத்து கை போடுவேன். கிணற்றின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை. அதற்குமேல் தோள் கழன்றுவிடும். ஆகவே நான் தண்ணீரில் இறங்கவே மாட்டேன், படகில் உட்கார்ந்து எல்லாருடைய செருப்பையும் பார்த்துக்கொள்வேன் என்று பஸ் ஏறும்போதே அறிவித்துவிட்டேன்.

முதல் தீவில் ஒரு கலங்கரை விளக்கம் இருந்தது. ஏறி இறங்கினோம். இரண்டாவதில் ஒரு சின்னக் கோயில், நாலைந்து தென்னை. முழங்கால் ஆழத்தில் நின்றுகொண்டிருந்தபோது மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட ஒரு மீன் என் காலை முட்டிப் பார்த்துவிட்டுப் போனது. அவ்வளவுதான், என் வைராக்கியமெல்லாம் கரைந்துபோனது. “அக்கா, நானும் இறங்கறேன்க்கா” என்றேன். அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “இப்பவாவது சொன்னியே பிள்ள” என்றார்.

மூன்றாவது தீவு வெறும் பாறை. படகை நங்கூரம் போட்டு நிறுத்தி, படகிலிருந்து பாறை வரை மிதவைகள் கோத்த கயிறு ஒன்றைக் கட்டினார்கள். படகுக்காரர் கன்னடத்தில் பேச, எல்லையோரத்தில் வளர்ந்த நான்தான் மற்றவர்களுக்குச் சொன்னேன். கயிற்றை விடக் கூடாது. மிதவைச் சட்டை இல்லாதவர் இறங்கக் கூடாது. சட்டை சரியாக ஒன்பதுதான், கூடுதல் கிடையாது. ஆளுக்கு ஒன்றாகத் தூக்கிப் போட்டார். எனக்கு வந்ததை நான் விரித்துக்கூடப் பார்க்கவில்லை, அக்கா வாங்கிக்கொண்டார். “இது ஒனக்குத் தொளதொளன்னு கெடக்கும், இந்தா, இதப் போடு” என்று தன்னுடையதைக் கொடுத்தார்.

பிறகு அவர் செய்ததை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். ஆடுகிற படகில் எங்களை லைனில் நிற்பதுபோல வரிசையாக நிறுத்தினார். ஒவ்வொருத்தியும் பக்கத்தில் இருப்பவளின் கிளிப்பை இழுத்துப் பார்க்க வேண்டும். தள்ளு, கிளிக், இழு. ஒன்பது பொம்பளைகள் ஒருவரையொருவர் பிடித்து இழுப்பதைப் பார்த்துப் படகுக்காரர் வாயைப் பொத்திக்கொண்டார். அக்கா என்னுடையதை இரண்டுமுறை இழுத்தார். அவருடையதை இழுத்துப் பார்க்க வேண்டியது நான். அவர் எனக்கு முதுகைக் காட்டி, கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, பாறையைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். கடல்காரிக்கு எதற்குச் சோதனை என்று நினைத்தேன். லீடரை இழுப்பதற்குக் கூச்சமாகவும் இருந்தது. “ஓகேக்கா” என்று சொல்லிவிட்டேன்.

தண்ணீருக்குள் முகத்தை வைத்ததும் என் மூச்சுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. முதலில் பயத்தில் குழாயைக் கடித்தே துண்டாக்கியிருப்பேன். மெல்லக் கண் திறந்தேன். கீழே பாறைமேல் வெயில் ஆடிக்கொண்டிருந்தது. நீல மீன்கள் ஒரு கூட்டமாக வந்து, எல்லாம் ஒரே சமயத்தில் திரும்பின. எங்கள் கிணற்றில் எட்டிப் பார்த்தால் இருட்டுதான் தெரியும். தண்ணீருக்கு இப்படி ஒரு உள்பக்கம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டே எவ்வளவு நேரம் கிடந்தேன் என்று தெரியாது.

தலையைத் தூக்கியபோது அக்கா கயிற்றில் இல்லை. தள்ளி, அலை இழுத்த பக்கமாக இருந்தார். மிதவைச் சட்டை முன்பக்கம் திறந்து, தோளைவிட்டு மேலேறி, காதை மூடிக்கொண்டு நின்றது. இரண்டு கையாலும் அதை இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். அலை ஒவ்வொரு முறையும் வாய்வரை வந்து போனது. கத்தவில்லை. என்னைப் பார்த்தார், அவ்வளவுதான். லைனில் எங்காவது சிக்கல் என்றால் எங்களைப் பார்க்கிற அதே பார்வை. நான் படகுக்காரரைக் கூப்பிட்டேன். அவர் படகின் மறுபக்கத்தில் வேறொருத்தியை ஏற்றிக்கொண்டிருந்தார். அக்கா இருந்த இடத்தைக் கண்ணால் அளந்தேன். ஒன்றரைக் கிணறு இருக்கும். கயிற்றை விட்டேன்.

பத்து கைக்கு மேல் எண்ணவில்லை. உப்புத் தண்ணீர் மூக்கில் ஏறியது. முழுகுபவரைக் கட்டிக்கொள்ள விடாதே, முடியைப் பிடி என்று கிணற்றில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அக்காவின் பின்னலைப் பிடித்து இழுத்தேன். அவர் என் தோளைப் பற்றினார். இருவருமாக ஒருமுறை உள்ளே போய் வந்தோம். என் சட்டைதான் இரண்டு பேரையும் தூக்கிப் பிடித்தது. அதற்குள் படகுக்காரர் குதித்து வந்துவிட்டார்.

படகில் ஏறியதும் முதலில் அந்தக் கிளிப்பைத்தான் பார்த்தேன். உள்ளே போகிற முனையில் ஒரு பல் உடைந்திருந்தது. மாட்டினால் மாட்டியதுபோல நிற்கும். விரலால் லேசாக இழுத்தாலே வந்துவிடும். “கழண்டுட்டு பிள்ள, என்ன செய்ய” என்று அக்கா மற்றவர்களிடம் சொல்லிச் சிரித்தார். அன்று சாயங்காலம் கரையில் நாங்கள் இருவரும் தனியாக உட்கார்ந்திருந்தபோதுதான் தனக்கு ஒரு கைகூட நீச்சல் தெரியாது என்று என்னிடம் சொன்னார். “எங்க ஊர்ல பொட்டப்பிள்ள அலையில கால் நனச்சாலே வீட்டுல ஏசுவாங்க. கடல்ல எறங்குறது எங்ஙன?” என்றார். லைனில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நானும் சொல்லவில்லை.

நான் சொல்லாமல் வைத்துக்கொண்டது வேறொன்றும் இருந்தது. இழுத்துப் பார்க்காமல் ஓகே சொன்னவள் நான். ஒரு வயரை அப்படி அனுப்பினாலே சிவப்புத் தொட்டி. நான் அனுப்பியது ஒரு ஆளை. அக்கா வேலையை விட்டு ஊரோடு போகும்வரை அவர் முகத்தை நேராகப் பார்த்து என்னால் பேச முடிந்ததில்லை. அவர் டிபன் பாக்ஸைத் திறந்து மீன் குழம்பை எனக்கென்று தனியாக எடுத்துவைக்கும்போதெல்லாம் தட்டைப் பார்த்தபடியே வாங்கிக்கொள்வேன்.

போன மாதம் ஒரு கல்யாணத்துக்காக ஓசூர் வந்தவர் எங்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு வந்தார். தலை நரைத்துவிட்டது, குரல் அப்படியே இருக்கிறது. சாப்பிட்டுக் கை கழுவும்போது என்னால் பொறுக்க முடியவில்லை. “அக்கா, அன்னிக்கு உங்க கிளிப்ப நான் இழுத்துப் பாக்கவே இல்லக்கா” என்று சொல்லி அழுதுவிட்டேன்.

அவர் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னை வினோதமாகப் பார்த்தார். “நீ இழுத்துறக் கூடாதுன்னுதானட்டி நான் முதுகக் காட்டி நின்னேன். அது ஒனக்கு வந்த சட்டை, பல்லு ஒடஞ்சிருந்தத அப்பவே பாத்துட்டேன். ஒண்ணு ஒடஞ்சிருக்குன்னு சொன்னா நீதான் மொதல்ல படகுலயே ஒக்காந்திருப்ப. நான் ஒக்காந்தா ஒருத்தியும் எறங்க மாட்டீங்க. கையால பிடிச்சுக்கிட்டா போதும்னு நெனச்சேன், புத்தியில்லாம.”

எனக்குக் கோபம்தான் வந்தது. செத்திருப்பீர்களே என்று கத்த வேண்டும்போல இருந்தது. இத்தனை வருடம் இதை என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மட்டும் கேட்டேன்.

“எனக்கென்ன தெரியும்?” என்றார் அக்கா. “நான் பெத்த பிள்ளைங்ககிட்ட ஒன்னயப் பத்திச் சொல்லாத நாள் கெடையாது. என்னயக் காப்பாத்துன சந்தோசத்துல நீ இருப்பேன்னுலா நான் இருந்தேன்.”

நான் ஒரு உயிரைக் காப்பாற்றியிருக்கிறேன் என்பது எனக்கு அன்று மதியம்தான் தெரிந்தது.